அசையாத விமானம்

சென்ற மாரிகாலத்து இரவொன்றில், பன்னிரண்டு மணி கழிந்து சிறிது நேரத்தில், என் தொலைபேசி ஒலித்தது. அகாலத்தில் வரும் அழைப்பு நல்ல செய்தி கொண்டுவருவதில்லை என்பது யாழ்ப்பாணத்து வீடுகள் அனுபவத்தால் அறிந்த உண்மை. நெஞ்சு படபடக்க எடுத்தேன். மறுமுனையிற் பேசியவர் என் தமக்கையார்.

“தம்பி, கெதியா வா. பிள்ளையின்ரை பிளேனுக்கு மேலை இன்னொரு பிளேன் ஏறி நிக்குது.”

நித்திரை மயக்கத்தில் இவ்வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் அக்காவின் குரலில் இருந்த நடுக்கம் விளங்கிற்று. நல்லூரிலிருந்து கொக்குவில் அதிக தூரமன்று. மழைத் தூறலில் மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

விறாந்தை விளக்கின் கீழ் அக்கா அமர்ந்திருந்தார். கையில் மகன் வாங்கிக் கொடுத்த பெரிய தொலைபேசி. அதன் திரையில் கடலின் நீலமும், அதன்மேல் மஞ்சள் நிறத்தில் எறும்புகள் போலச் சிறு விமானங்களும் தெரிந்தன. பறந்துகொண்டிருக்கும் விமானங்களிற் பெரும்பாலானவற்றைப் படத்திலே காட்டும் செயலி இப்பொழுது எவர் கையிலும் கிடைக்கிறது. அக்காவின் ஒரே மகன், என் மருமகன், வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்றிலே துணை விமானி. அவன் பறக்கும் இரவுகளில் விமானம் தரையிறங்கும்வரை அக்கா உறங்குவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தச் சிறு மஞ்சள் எறும்பைப் பார்த்தபடியே இருப்பாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவ்விரு விமானங்களும் ஒன்றையொன்று கடந்து நெடுந்தூரம் சென்றுவிட்டன. ஒன்று கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. மற்றது மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஆனால் அக்காவின் நடுக்கம் போகவில்லை. இரண்டையும் விரலாற் தொட்டு அவற்றின் உயரங்களைப் பார்த்தேன். எங்கள் பிள்ளையினது 35,000 அடி; மற்றையது 36,000 அடி. கிழக்கு நோக்கிச் செல்வன ஒற்றைப்பட்ட ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிச் செல்வன இரட்டைப்பட்ட ஆயிரங்களிலும் பறப்பது பொதுவான வழக்கம். படத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போலத் தெரிந்தவை உண்மையில் ஆயிரம் அடி இடைவெளியிற் போயின என்று விளக்கினேன்.

“ஆயிரம் அடி எண்டால் எவ்வளவு தூரம்?”

“முந்நூறு மீற்றர் அக்கா. எங்கடை படலையிலிருந்து சந்திக் கடை வரைக்கும் வரும்.”

“அவ்வளவுதானோ! அந்தப் பெரிய பிளேன் ரெண்டும் அதுக்குள்ளையோ போகுது?”

கணித ஆசிரியன் ஒருவன் உண்மையைச் சொல்லி ஆறுதலைக் கெடுத்த சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

என் மனமும் அன்று அமைதியாக இல்லை. அதற்குக் காரணம் உண்டு. மருமகனின் விமானப் பயிற்சிக்குப் பெருந்தொகை வேண்டியிருந்தது. அத்தான் காலமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. குடியிருக்கும் வளவின் உறுதியை ஈடு வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அக்கா விரும்பவில்லை, பிள்ளை பொறியியலோ கணக்கியலோ படித்து நிலத்திலே நின்று உழைக்கட்டும் என்றார். நான்தான் இரண்டு மாதம் அவரோடு வாதாடி இணங்கச் செய்தேன். நொத்தாரிசு காட்டிய இடத்திற் கையெழுத்து வைத்தபோது அவர் பத்திரத்தையும் பார்க்கவில்லை, நொத்தாரிசையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

விமானம் என்றால் எங்கள் தலைமுறைக்கு வேறொரு பொருளும் இருந்தது. 1990ஆம் ஆண்டில் எனக்குப் பதினொரு வயது; அக்காவுக்குப் பதினேழு. வளவின் பின்புறத்தில், பனங்குற்றிகளை அடுக்கி மண்மூடிய பதுங்குகுழி ஒன்று எங்களுக்கு இருந்தது. இரைச்சல் கேட்டவுடன் பிள்ளைகள் எல்லோரும் அதனுள் ஓடிவிடுவோம். அன்னையார் மாத்திரம் வாயிலில் நின்று, நெற்றியிற் கையை வைத்து வானத்தைப் பார்ப்பார். அவரிடம் ஒரு விதி இருந்தது. விமானம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், “அது வேறை எங்கையோ போகுது” என்பார். நகராமல் ஒரே இடத்தில் நின்று வரவரப் பெருத்தால், ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே வந்து எங்கள் மேலே கவிந்துகொள்வார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என் அன்னையார். நானோ உயர்தர வகுப்பு மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன். சார்பு வேகம் என்னும் பாடத்தில் இதே விதியை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். இரு கப்பல்கள், அல்லது இரு விமானங்கள், சீரான வேகத்தில் நேர்கோட்டிற் செல்கின்றன. ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றையது திசை மாறாமல் நின்று தூரம் மட்டும் குறைந்து வருமாயின், அவை மோதும். கண்ணாடிக்கு வெளியே ஓடித் திரிகின்ற விமானத்தால் ஆபத்தில்லை; கண்ணாடியில் ஒட்டிய புள்ளிபோல அசையாது நிற்பதே யமன். ஆனால் அசையாத பொருளைக் கண்டுபிடிப்பது மனிதக் கண்ணுக்கு மிகவும் கடினம். நம் கண் அசைவதையே முதலிற் பிடிக்கும்.

இந்த இடரிலிருந்துதான் விமானிக்குப் பக்கத்து விமானங்களைக் காட்டும் திரை பிறந்தது என்பதை மருமகன் விடுமுறையில் வந்தபோது அவன் வாயிலாகவே கேட்டறிந்தேன். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் வந்தான். வந்த அன்று மாலையே அவனை விறாந்தையில் இருத்தி, என் மாணவர் ஒருவரின் அப்பியாசக் கொப்பியைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தில் அந்தத் திரையை வரைந்து காட்டும்படி கேட்டேன். அன்றிரவு நாங்கள் பட்ட பாட்டையும் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அது எங்கடை திரையிலை ஒரு வெள்ளை வைரம் மாமா. பக்கத்திலை கூட்டல் பத்து. நாங்கள் அப்ப தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தம்.”

அவன் வரைந்தது இதுதான். திரையின் கீழ்ப்பகுதியில் தன் விமானத்தின் குறி. அதனைச் சுற்றித் தூரத்தைக் காட்டும் வளையம். அயலிற் பறக்கும் ஒவ்வொரு விமானமும் ஒரு குறியாகத் தோன்றும். தொலைவில் உள்ளது உள்ளே வெறுமையான வைர வடிவம். ஆறு கடல்மைலுக்குள்ளும் 1,200 அடி உயர வேறுபாட்டுக்குள்ளும் வந்தால் அந்த வைரம் நிரம்பிவிடும். பக்கத்தில் உள்ள எண் உயர வேறுபாட்டை நூற்றடிக் கணக்கிற் கூறுவது. கூட்டல் பத்து என்றால் ஆயிரம் அடி மேலே என்று பொருள். மற்றையது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒரு சிறு அம்புக்குறி சொல்லும். ஆபத்து நெருங்குமாயின் வைரம் மஞ்சள் வட்டமாக மாறும். ‘டிராபிக், டிராபிக்’ என்று ஒரு குரல் எழும். அதற்கும் மேலே நெருங்கினால் வட்டம் சிவப்புச் சதுரமாகும். அப்போது அக்குரல் ஏறு என்றோ இறங்கு என்றோ ஆங்கிலத்தில் ஆணையிடும். விமானி ஐந்து செக்கனுக்குள் அதற்கு இணங்கத் தொடங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு டீகாஸ் என்று பெயர். அது இயங்கும் முறை கேள்வியும் பதிலுமாகும். ஒரு விமானம் 1030 மெகாஹேட்ஸ் அலையிற் கேள்வியொன்றை வீசும். அயலிலுள்ளவை 1090 மெகாஹேட்ஸில் தம் உயரத்தைப் பதிலாகச் சொல்லும். கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரமே தூரத்தைத் தருகிறது. பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில் உள்ள விமானத்துக்கு அலை போய்த் திரும்ப ஒரு செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

இனி வருவதுதான் கணித ஆசிரியன் ஒருவனின் உள்ளத்தைக் குளிர்வித்த பகுதி. வாசக நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். எவ்வளவு தூரத்தில் மற்றைய விமானம் வந்தால் ஆபத்து என்று கேட்டால் நம்மிற் பலர் ஒரு மைல், இரண்டு மைல் என்று சொல்ல முனைவோம். அது தவறு. எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இரண்டு விமானங்கள் செக்கனுக்கு அரைக் கிலோமீற்றர் வீதம் நெருங்குகின்றன. பதினைந்து கிலோமீற்றர் இடைவெளி அவற்றுக்கு அரை நிமிட வாழ்வுதான். பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பிடிக்கும் விமானத்துக்கோ அதே இடைவெளி நெடுநேரம். ஆகவே அளக்க வேண்டியது தூரத்தையன்று, நேரத்தை. தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் எஞ்சியிருக்கும் செக்கன்கள் கிடைக்கும். 1950களில் மொரெல் என்னும் அமெரிக்க அறிஞர் இந்த எண்ணத்தை முன்வைத்தார். இன்றும் அக்கருவியின் இதயம் அந்த ஒரு வகுத்தற் கணக்கே. ஏறத்தாழ 20 முதல் 48 செக்கன் எஞ்சும்போது மஞ்சள் வட்டம். 15 முதல் 35 செக்கன் எஞ்சும்போது சிவப்புச் சதுரம். உயரத்துக்கு ஏற்ப இந்த எல்லைகள் மாறும். இரு விமானங்கள் மிக மெதுவாக நெருங்கினால் வகுத்து வரும் நேரம் பெரிதாகத் தோன்றி ஏமாற்றிவிடும் அல்லவா? அதற்காகக் குறைந்தபட்சத் தூரம் ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் இதை ஒரு மாணவன் தானாக எழுதினால் எழுந்து நின்று புள்ளி கொடுப்பேன்.

“நீங்கள் படிப்பிச்ச கணக்குத்தான் மாமா,” என்றான் மருமகன். “ஆனால் அங்கை கணக்குச் செய்யிறது பெட்டி. எங்களைச் செய்ய விடமாட்டினம்.”

ஏன் விடமாட்டார்கள் என்று கேட்டேன். திரையைப் பார்த்துத் தானாகவே இடமோ வலமோ திரும்பக் கூடாதென்று விமானிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஒன்று, மற்றைய விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அக்கருவி தூரத்தையும் உயரத்தையும்போல நுட்பமாக அறியாது. சில பாகை பிசகும். அதனாலேயே அது ஏறவும் இறங்கவும் மாத்திரம் சொல்கிறது, திரும்பச் சொல்வதில்லை. மற்றது, திரையில் நகரும் குறி காட்டுவது சார்புப் பாதையை, உண்மைப் பாதையையன்று. தானும் நகர்ந்துகொண்டு பார்ப்பவனுக்கு மற்றவன் வேறு திசையிற் போவதுபோலத் தோன்றும். என் வகுப்பில் ஆண்டுதோறும் பாதிப்பேர் செய்யும் பிழையும் இதுவே. பிழைவிட்ட கணக்குக்கு நான் சிவப்பு மையாற் கோடு கீறுகிறேன். வானத்திலே சிவப்பு மையோடு எவரும் காத்திருப்பதில்லை.

இத்தகைய கருவி எளிதாக வந்துவிடவில்லை. 1956 ஜூன் 30ஆம் திகதி அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர், எவரும் தப்பவில்லை. அதன் பிறகே கண்ணை மட்டும் நம்பிப் பறக்கும் காலம் முடிந்தது என்பதைப் பலரும் உணர்ந்தனர். 1986இல் கலிபோர்னியாவில் செரிட்டோஸ் என்னும் ஊரின்மேல் இன்னொரு மோதல். அதில் வீட்டிலிருந்தோரும் மாண்டனர். அமெரிக்கா சட்டம் இயற்றி 1993 முடிவுக்குள் பெரிய பயணிகள் விமானங்களில் இதனைக் கட்டாயமாக்கியது. நமக்கு அண்மையில், 1996 நவம்பர் 12ஆம் திகதி, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியின் வானத்திலே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர் மாண்டனர். அந்த வானத்திலே அப்போது இக்கருவி கட்டாயமாக இருக்கவில்லை. அதன் பின்னரே இந்தியா அதனைக் கட்டாயமாக்கியது.

இவ்வளவும் கேட்டபோது எனக்கு ஒருவகை நிம்மதி பிறந்தது. ஆனால் கொப்பியை மூடும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம் என்று பின்னர் தோன்றிற்று.

“தரையிலை இருந்து ஒருத்தர் இறங்கு எண்டு சொல்ல, பெட்டி ஏறு எண்டு சொன்னால் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பின்வரும் வரலாற்றைச் சொன்னான்.

2002ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி இரவு. ஜேர்மனியின் தென் எல்லையில், ஊபர்லிங்கன் என்னும் சிற்றூரின் மேலே, இரு விமானங்கள் 36,000 அடியில் ஒரே புள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று சரக்கேற்றிய போயிங். மற்றது ஸ்பெயினுக்குச் சுற்றுலாச் சென்ற ரஷ்யப் பள்ளிச் சிறுவர் பலரை ஏற்றிய டுபொலெவ். சூரிச் நகரிலிருந்து அந்த வானத்தைக் கவனித்த கட்டுப்பாட்டாளர் அன்றிரவு தனியராய் இரண்டு இருக்கைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காகப் பிரதான தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. ஆபத்தைக் கண்ட அயல் நிலையத்தார் எச்சரிக்க முயன்றும் தொடர்பு கிட்டவில்லை. அவர் கடைசி நேரத்தில் ஆபத்தைக் கண்டு டுபொலெவை இறங்கச் சொன்னார். ஏழு செக்கன் கழித்து டுபொலெவின் கருவி ஏறு என்றது. அதே நேரத்தில் போயிங்கின் கருவி இறங்கு என்றது. ஏனெனில் இரண்டு கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்று ஏற மற்றது இறங்க என்று உடன்பாடு செய்துகொள்ளும். போயிங் கருவிக்குப் பணிந்து இறங்கிற்று. டுபொலெவ் மனிதனுக்குப் பணிந்து இறங்கிற்று. போதாதற்கு, மற்றைய விமானம் வலப்பக்கம் இருப்பதாகக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். அது இடப்பக்கமே இருந்தது. ஏறத்தாழ 35,000 அடியில் இரண்டும் சந்தித்தன. 71 பேர்.

இதற்குப் பதினேழு மாதங்களுக்கு முன்னரே, 2001 ஜனவரி இறுதியில், யப்பானின் வானத்தில் இதே குழப்பம் ஏற்பட்டு இரு பெரிய விமானங்கள் மயிரிழையில் தப்பின. அதில் ஏறத்தாழ நூறு பேர் காயமடைந்தனர். அந்த எச்சரிக்கை உரியவர்களின் செவியில் உரிய காலத்தில் ஏறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊபர்லிங்கனின் பின்னரே, கருவி ஆணையிட்டால் கட்டுப்பாட்டாளரின் சொல்லுக்கு மாறாயினும் கருவியையே பின்பற்றுக என்பது உலகெங்கும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது.

“அந்த டுபொலெவிலை, மாமா,” என்று மருமகன் தணிந்த குரலிற் சொன்னான், “துணை விமானி பெட்டி ஏறச் சொல்லுது எண்டு சொன்னவர். அவற்றை சொல்லை எடுக்கேல்லை.”

எனக்கு நா எழவில்லை. என் மருமகனும் துணை விமானி. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, மூத்தவர் சொன்னால் மறுக்காதே என்று சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்த்த பிள்ளை. வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. ஏனெனில் உயர்தர வகுப்பில் அவன் என் மாணவனாகவும் இருந்தான்.

அந்நாள் ஒன்று என் நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் நான் சார்பு வேகக் கணக்கொன்றைச் செய்துகொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து அவன் எழுந்து, “சேர், அந்தத் திசை பிழை போலை கிடக்கு” என்றான். உறவினன் என்பதால் சலுகை எடுக்கிறான் என்று மற்ற மாணவர் நினைப்பார்களோ என்ற எண்ணம் எனக்கு. “இரும், முடிச்சாப் பிறகு கேளும்” என்று அதட்டினேன். அன்றிரவு வீட்டிற் செய்து பார்த்தபோது அவன் சொன்னதே சரி என்று கண்டேன். மறுநாள் கரும்பலகையிற் சரியான விடையை எழுதினேன். யார் சொன்னது சரி என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒன்பது ஆண்டுகள் இதை நான் எவரிடமும் பேசியதில்லை. அன்று மாலை அவனிடமே கேட்டேன்: “உமக்கு ஞாபகம் இருக்கோ, ஒரு நாள் வகுப்பிலை...”

“இருக்கு மாமா,” என்றான் உடனே. “ஏயின்ரை வேகத்திலையிருந்து பீயின்ரை வேகத்தைக் கழிக்கிறதுக்கு நீங்கள் மாத்திக் கழிச்சுப் போட்டியள்.”

அவன் சொன்ன முறையில் கசப்பு இருக்கவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது. பிழையை ஒப்புக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தாய்மாமன் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. பிறகு, “அங்கை அப்பிடி இல்லை மாமா. கப்டின் பிழை விட்டால் சொல்லாமல் இருக்கிறதுதான் குற்றம். சொல்லுறதுக்கெண்டே எங்களைப் பழக்கினவை” என்றான்.

அவ்வாறு பேசப் பழகுதல் வீணன்று என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. 2022 ஜூன் மாதத்தில், இலண்டனிலிருந்து கொழும்பு நோக்கி வந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கியின் வானிற் பறந்தபோது, 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறும்படி பணிக்கப்பட்டதாகவும், அந்த உயரத்தில் பதினைந்து மைல் தொலைவில் வேறொரு விமானம் செல்வதைத் தம் கருவியிற் கண்ட விமானிகள் ஏற மறுத்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. விமான நிறுவனம் விமானிகளின் விழிப்பைப் பாராட்டிற்று. துருக்கி அதிகாரிகளோ அவ்வாறு ஒன்றும் நிகழவில்லை என்றனர். எது எப்படியாயினும், செய்தியில் வந்த வண்ணம் பார்த்தால், அங்கே கருவி கூவவில்லை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளை வைரத்தையும் பக்கத்திலிருந்த எண்ணையும் ஒருவர் கவனித்துப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார், அவ்வளவே.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அக்கா குசினி வாசலிலே தேங்காய் துருவியபடி இருந்தார். காது எங்கள் பக்கம் என்பதை நான் அறிவேன். மருமகன் குளிக்கக் கிணற்றடிக்குப் போன பின் திருவலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து கொப்பியை எடுத்தார். வைரத்தையும் வட்டத்தையும் சதுரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பெட்டிக்கு எல்லாப் பிளேனும் தெரியுமோ?”

இங்கே பொய் சொல்லியிருக்கலாம். உறுதிப் பத்திரத்தின் நாளில் எவ்வளவோ சமாதானம் சொன்னவன் நான். ஆயினும் என்னவோ அன்று வாய் வரவில்லை. பதில் சொல்லும் விமானங்களை மட்டுமே அதற்குத் தெரியும் என்றேன். மறுமொழி சொல்லும் கருவி இல்லாததும், இருந்தும் இயங்காததும் அதன் திரையில் வருவதில்லை. 2006 செப்டெம்பர் 29ஆம் திகதி பிரேசிலின் காட்டுக்கு மேலே, 37,000 அடியில், சிறிய விமானம் ஒன்றின் மறுமொழிக் கருவி இயங்காதிருந்தது. எதிரே வந்த பயணிகள் விமானத்துக்கு அது தெரியவில்லை. அதற்கும் இது தெரியவில்லை. சிறியது சிறகு முறிந்தும் தரையிறங்கிற்று. பெரியதில் இருந்த 154 பேரும் மாண்டனர். தரைக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிக்குள் வந்துவிட்டால், நிலத்தில் மோத வைத்துவிடுமோ என்ற அச்சத்தால், ஏறு இறங்கு என்று ஆணையிடுவதையும் அது நிறுத்திவிடும். 2025 ஜனவரியில் வாஷிங்டன் ஆற்றின்மேல் பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, விமானத்தின் கருவி ‘டிராபிக்’ என்று எச்சரித்தது. அந்த உயரத்தில் அதற்குமேல் ஆணையிட அதற்கு அனுமதி இருக்கவில்லை. எண்களையும் ஆண்டுகளையும் விட்டுவிட்டு இவற்றின் சாரத்தை அக்காவிடம் சொன்னேன்.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. கொப்பியை முகத்துக்கு அண்மையிற் பிடித்து மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

“அம்மா பங்கர் வாசலிலை நிண்டு பாப்பா, நினைவிருக்கோ?”

“இருக்கு.”

“அப்ப இவனுக்குச் சொல்லு, பெட்டியை மட்டும் பாத்துக்கொண்டிராமல் கண்ணாடியாலையும் ஒருக்காப் பாக்கச் சொல்லி. அசையாமல் நிக்கிறதைத்தான் பாக்கவேணும் எண்டும் சொல்லு.”

கிணற்றடியிலிருந்து வாளித் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. தலை துவட்டிக்கொண்டு அவன் வந்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்னமே அக்கா தாமே சொல்லிவிட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

“அம்மாவுக்கு ஆர் மாமா இதைச் சொல்லிக் குடுத்தது? எங்களுக்கு முதல் நாளே சொன்னது இதைத்தான்.”

“உன்ரை அம்மம்மா,” என்றார் அக்கா. பொங்கலுக்குத் தேங்காய் போதுமோ என்று பார்க்கக் குசினிக்குள்ளே போய்விட்டார்.